அச்சுப் பிழை அல்ல

ஓபோ என்ற வாத்தியத்தை ஒருநாளும் காதால் கேட்காமலே அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொல்லிக்கொடுத்தவள் நான். பசூனும் அப்படித்தான், பிரெஞ்சு ஹோர்னும் அப்படித்தான். குற்றம் அதோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. பனியைக் காணாத வாத்தியார்தான் எங்களுக்குத் துருவப் பிரதேசத்தைப் படிப்பித்தார்; நாங்களும் படித்துப் பாஸ் பண்ணினோம். நான் செய்தது அதைவிட மோசம்.

நான் முரசுமோட்டையில் இருக்கும் ஒரு சங்கீத ரீச்சர். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலின் படித்தேன். கோயில் கச்சேரியோ, பரிசளிப்பு விழாவோ, நடன அரங்கேற்றமோ, எங்கள் பக்கத்தில் வயலின் வேண்டுமென்றால் என்னிடம்தான் ஆள் வரும். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான், வினாடிவினாப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும்போது 'மேலைத்தேய வாத்தியங்களை ரீச்சர் பார்க்கட்டும்' என்று மற்றவர்கள் என் பக்கம் தள்ளிவிட்டபோது நான் மறுக்கவில்லை. எனக்கு வயலின் மட்டும்தான் தெரியும், அதுவும் கர்நாடக வயலின், என்று ஒரு வசனம் சொன்னால் போதுமாக இருந்தது. அது வாயில் வரவில்லை.

பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் ஒரு படப் பக்கமும் பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்றும் கிடைத்தன. இரண்டையும் வைத்து நான்கு பக்க நோட்ஸ் எழுதினேன். நரம்பு வாத்தியம், மர ஊது வாத்தியம், பித்தளை ஊது வாத்தியம், தாள வாத்தியம் என்று நான்கு கட்டம், கட்டத்துக்குள் பெயர்கள். பரந்தன் சந்தியில் போட்டோக்கொப்பி அடித்தோம். கடைசிப் பக்கத்தின் அடியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டிருந்தேன். அந்தக் கொப்பி அண்ணனிடமிருந்து தம்பிக்கும், எங்கள் ஊரிலிருந்து தருமபுரம், விசுவமடு வரைக்கும் போனதாகக் கேள்வி. அப்போது அது பெருமையாக இருந்தது.

நரம்புக் கட்டத்தில் எனக்குப் பயமே இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை எங்கள் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்பதில் தொடங்கி நீட்டி முழக்குவேன். அவர்கள் நாடிக்குக் கீழே வைத்து வாசிக்கிறார்கள். நாங்கள் சப்பாணி கட்டியிருந்து தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறோம். அவர்களின் நான்கு தந்தியும் ஜி, டி, ஏ, ஈ என்று நிலையானவை; நாங்கள் பாடுபவரின் சுருதிக்கு ச-ப-ச-ப என்று கூட்டிக்கொள்கிறோம். இவ்வளவும் சரி. ஆனால் இதற்குப் பிறகு நான் எழுதியதைப் பாருங்கள்: 'வயோலா என்பது பெரிய வயலின். செலோ என்பது அதைவிடப் பெரிய வயலின். டபுள் பேஸ் மிகப் பெரிய வயலின்.' வயோலா வயலினுக்கு ஐந்து சுரம் கீழே தொடங்குவது, அதன் குரல் மூக்கடைத்த மாதிரி ஒரு தடிப்போடு வருவது, டபுள் பேஸின் தந்திகள் மற்ற மூன்றையும் போலப் பஞ்சமத்தில் அல்லாமல் மத்திமத்தில் கூட்டப்படுவது எதுவும் அதில் இல்லை. எல்லாமே வயலின்தான், வயலின் எனக்குத் தெரியும், ஆகவே எல்லாம் தெரியும் என்பது என் கணக்கு.

இன்னொரு வரியும் அந்தப் பக்கத்தில் இருந்தது: 'முதல் வயலின்காரர் எல்லோருக்கும் சுருதி கொடுப்பார்.' இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானே முடிவுசெய்து எழுதினேன். பெரிய ஓகெஸ்ட்ரா ஒன்றில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செலோ 10, டபுள் பேஸ் 8 என்று அறுபது பேர் நரம்பு வாத்தியத்தோடு இருப்பார்கள். அத்தனை பேருக்கும் சுருதி தருவது வயலின் இல்லாமல் வேறு எதுவாக இருக்கும்? உண்மையில் முதல் வயலின்காரர் எழுந்து நின்று சைகை காட்ட, 'ஏ' சுரத்தை நீட்டி ஊதிக் கொடுப்பது ஓபோ.

இனி அந்த நாள். 2009 இற்குப் பிறகு ஊர் திரும்பிச் சில வருடங்கள் கழிந்திருந்தன. வகுப்பில் பித்தளைக் கட்டத்தைச் சொல்லிக்கொண்டு போனேன்: ட்ரம்பெற், ஹோர்ன், ட்ரொம்போன், ரியூபா, சக்ஸபோன். பின் வாங்கிலிருந்து ஒரு பெடியன் கை உயர்த்தினான்.

"ரீச்சர், சக்ஸபோன் மர ஊது வாத்தியமாம். மாமா சொன்னவர். மாமான்ர மகள் பள்ளிக்கூடத்தில அதுதான் பழகுறாவாம்."

"தம்பி, அது எதால செய்தது?"

"பித்தளை."

"பித்தளையால செய்தது மர வாத்தியமோ?"

வகுப்பு சிரித்தது. அவன் உட்காரவில்லை. "வாயில வைக்கிற இடத்தில ஒரு நாணல் தகடு இருக்காம் ரீச்சர், அதாலதானாம்," என்றான். அவன் சொன்னது முழுச் சரி. எனக்கோ வகுப்பின் சிரிப்பு என் பக்கம் இருக்கும்போதே முடித்துவிடவேண்டும் என்ற அவதி. கேட்டேன்: "உங்கட மாமா சுவிசில மியூசிக் படிப்பிக்கிறவரோ, கோப்பை கழுவுறவரோ?"

இப்போது வகுப்பு இரண்டு மடங்கு சிரித்தது. பெடியன் உட்கார்ந்துவிட்டான். அந்த மாமா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்தான் என்பது எனக்குத் தெரியும். அவர் அனுப்பும் காசில்தான் அந்த வீட்டுக்குக் கூரை ஏறியது என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அன்றிரவு போனில் தேடிப் பார்த்தேன். பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடோல்ஃப் சக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846 இல் பரிசில் காப்புரிமை எடுத்த வாத்தியம் அது. உடல் பித்தளை, ஊதுவாயில் ஒற்றை நாணல் தகடு. வாத்தியத்தை எதனால் செய்தார்கள் என்பது குடும்பத்தைத் தீர்மானிப்பதில்லை, சத்தம் எங்கே பிறக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஓகெஸ்ட்ராவின் புளூட் 1847 இல் தியோபால்ட் போம் செய்த மாற்றத்திலிருந்து மெல்ல மெல்ல உலோகத்துக்கு மாறிவிட்டது, இன்று பெரும்பாலும் வெள்ளி; ஆனாலும் அது மர ஊது வாத்தியக் கூட்டத்தில்தான் இருக்கிறது. பித்தளைக் குடும்பத்தில் நாணல் கிடையாது. கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதட்டை இறுக்கி வைத்து ஊத, அதிர்வது வாசிப்பவரின் உதடு.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது வெட்கம் அல்ல, எரிச்சல். ஏனென்றால் இந்த வித்தியாசம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குப் போய் மேளக்காரருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வளர்ந்தவள் நான். நாதசுரக்காரர் சீவாளியை வாயில் போட்டு ஈரமாக்கிப் பதம் பார்ப்பதையும், வாத்தியத்தில் நூலில் தொங்கும் மேலதிகச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து மாற்றுவதையும் எத்தனை தரம் பார்த்திருப்பேன். சீவாளி இரட்டை நாணல். ஓபோவின் ஊதுவாயும் இரட்டை நாணல். பசூனுக்கும் அதே. அதே கோயிலில் பூசை நேரம் சங்கு ஊதுவார்கள். சங்கில் நாணல் ஏது? ஊதுபவரின் உதடுதான் அதிர்கிறது, ட்ரம்பெற்காரருக்கு அதிர்வது போலவே. இரண்டு குடும்பமும் ஒரு மண்டபத்துக்குள் என் கண் முன்னால் நின்றிருக்கின்றன. நானோ ஆங்கிலப் புத்தகத்தின் படத்தைப் பார்த்து, மஞ்சளாக மினுங்குவதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் அடைத்தேன்.

சுருதி விசயமும் அப்படித்தான். அந்தக் காலத்து மேளக் கச்சேரிகளில் நாதசுரக்காரருக்குப் பின்னால் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். சுருதிப்பெட்டி வந்தபிறகு அவரைக் காணவில்லை. ஒத்தும் இரட்டை நாணல் குழல்தான். ஐரோப்பாவில் அறுபது நரம்புக்காரருக்கும் ஓபோ சுருதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊர் ஒத்துக்காரர் ஆச்சரியப்பட்டிருக்கவே மாட்டார்.

என் வீட்டில் கத்ரி கோபால்நாத்தின் ஒலிநாடா இருந்தது. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெற்றை வானொலியில் கேட்டிருக்கிறேன். கிளாரினெற்றுக்கும் சக்ஸபோனுக்கும் ஊதுவாயில் ஒரே மாதிரி ஒற்றை நாணல் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை, கொஞ்சம் காது கொடுத்தால் குரலே சொல்லும். காது கொடுக்கவில்லை.

யுத்தம், இடப்பெயர்வு, புத்தகம் இல்லை, வசதி இல்லை என்று சாட்டுச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சாட்டுக்கு எப்போதும் மரியாதை உண்டு. பெரும்பாலும் அது உண்மையும்கூட. 2009 தையில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய வீட்டோடு என் முதல் வயலினும் போனது. ஆனால் இந்தக் கதையில் யுத்தத்துக்குப் பங்கில்லை. நோட்ஸ் எழுதியபோது கையில் போன் இருந்தது, போனில் யூடியூப் இருந்தது. கொழும்பில் 1958 இலிருந்து ஒரு சிம்பொனி ஓகெஸ்ட்ரா இயங்குகிறது. கொழும்புக்குப் பல தரம் போன நான் ஒரு மாலையாவது போய்க் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சரி, அடுத்த நாள் வகுப்பில் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தாள வாத்தியத்துக்குப் போய்விட்டேன்.

போட்டி நடந்தது, நல்லகாலம், சக்ஸபோன் கேள்வியாக வரவில்லை. இதை 'நல்லகாலம்' என்று எழுதுகிறேன் பாருங்கள், அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வருடம் கொப்பி மறுபடி அடித்தபோது சக்ஸபோனைச் சத்தமில்லாமல் மர ஊது வாத்தியக் கட்டத்துக்கு மாற்றினேன். பழைய கொப்பி வைத்திருந்த ஒரு பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதில வேற மாதிரி இருக்கு," என்றாள். "முந்தினது அச்சுப் பிழை," என்றேன். கையால் எழுதிப் போட்டோக்கொப்பி அடித்த தாளில் அச்சுப் பிழை எங்கிருந்து வரும்? அவள் மேலே கேட்கவில்லை. பெடியனுக்கு நடந்தது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பொய்க்குப் பிறகுதான் நான் உண்மையாகக் கேட்கத் தொடங்கினேன். பிள்ளைகளுக்காக என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். அடுத்த கை உயர்த்தலுக்குப் பயந்து. முதலில் கேட்டது புரோகோபியேவின் 'பீற்றரும் ஓநாயும்'. 1936 இல் மொஸ்கோவில் சிறுவர் அரங்கு ஒன்றுக்காக எழுதியது. ஒரு கதைசொல்லியும் ஓகெஸ்ட்ராவும், அரை மணித்தியாலத்துக்கு உட்பட்ட கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். குருவிக்குப் புளூட், தாராவுக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெற், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹோர்ன், பீற்றருக்கு நரம்பு வாத்தியங்கள். முதல் தரம் கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. பிரித்தன் 1945 இல் எழுதிய இளையோருக்கான ஓகெஸ்ட்ரா வழிகாட்டியும் இருக்கிறது. ஒரே மெட்டை ஒவ்வொரு வாத்தியமாகக் கையில் கொடுத்து வாங்கிக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னிவிடுவார். ஆனால் சின்னப் பிள்ளைக்குத் தாராதான் முதலில் பிடிக்கும்.

எனக்கும் தாராதான். ஓபோ வந்ததும் போனை நிறுத்தித் திரும்பவும் போட்டேன். நாதசுரத்தின் சின்ன மகள் வீட்டுக்குள்ளே அடக்கமாகப் பேசினால் அப்படித்தான் இருக்கும். நாதசுரத்துக்குச் சீவாளி அகலம், குழலின் வாய் அகலம், அடியில் அணைசு விரிந்திருக்கும். வெளி வீதியில் சாமிக்கு முன்னால் போகும் வாத்தியம், கால் மைல் தூரம் கேட்கவேண்டும். ஓபோவுக்கு நாணல் மெலிசு, துளை ஒடுக்கம். நாதசுரத்தில் விரல் துளை ஏழுதான், சாவி கிடையாது. சுரங்களுக்கு இடைப்பட்டதெல்லாம் மூச்சிலும் உதட்டிலும் விரலைப் பாதி மூடுவதிலும் பிறக்கவேண்டும். ஓபோவின் உடல் முழுக்கச் சாவிகள், ஒவ்வொரு சுரத்துக்கும் அதனதன் இடம். எங்கள் கமகத்தை ஓபோவில் எடுப்பது எவ்வளவு கடினம், அவர்களின் கூட்டிசைக்கு நாதசுரத்தை அடக்குவது எவ்வளவு கடினம் என்று அப்போது விளங்கியது. அரை மணித்தியாலம் இதைப் பேசினால் ஒரு பிள்ளையும் ஓபோவை மறக்காது. நான் கொடுத்தது 'ஓபோ - மர ஊது வாத்தியம்' என்ற நான்கு சொல்.

பசூன் இரண்டரை மீற்றர் குழலை மடித்துக் கட்டிய வாத்தியம். தாத்தா முணுமுணுப்பது அச்சொட்டாகக் கேட்கும். ஹோர்ன் சுருட்டி வைத்ததை நீட்டினால் மூன்றரை மீற்றருக்கு மேல். ட்ரொம்போனில் வால்வுக்குப் பதிலாக இழுகுழல். வயலின்காரிக்கு அது நன்றாக விளங்கும், எங்கே நிற்பது என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். ரியூபாவை நான் இன்னும் ரசிக்கப் பழகவில்லை.

தாள வாத்தியக் கட்டத்தில் திம்பனியை 'பெரிய மேளம், சுருதி இல்லை' என்று எழுதியிருந்தேன். மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி கூட்டுவதைத் தினமும் பார்க்கிறவள் எழுதியது இது! திம்பனி செப்புக் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோல். அடியில் உள்ள மிதியை அழுத்தினால் சுரம் ஏறும், இறங்கும். 'பீற்றரும் ஓநாயும்' கதையில் வேட்டைக்காரரின் துப்பாக்கிச் சத்தத்துக்குத் திம்பனியும் பேஸ் ட்ரம்மும் வரும். ஒரு வகுப்புக்கு அதைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் அந்த இடத்தில் அசையவே இல்லை. "இது துவக்குச் சத்தம் மாதிரி இல்ல ரீச்சர்," என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த விசயத்தில் அவர்களோடு வாதாட எனக்குத் தகுதியில்லை.

2025 மார்ச் 8 ஆம் திகதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ரோயல் பில்ஹார்மோனிக் ஓகெஸ்ட்ரா வாசித்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. சிம்பொனி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்று சனசமூக நிலையத்தில் கேட்டார்கள்; வேறு யாரைக் கேட்பார்கள்? போனேன். இந்த முறை கட்டம் போடவில்லை. சங்கையும் நாதசுரத்தையும் வைத்துத் தொடங்கினேன், ஒத்தைச் சொன்னேன், இளையராஜாவின் 1986 இன் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒரு துண்டு போட்டு எங்கே வயலின், எங்கே செலோ என்று கேட்கவைத்தேன். நன்றாகத்தான் போனது. முடிவில் ஒரு ஐயா எழும்பி, இப்படி விளங்கப்படுத்த எங்கள் ரீச்சரைவிட்டால் ஆளில்லை என்றார். கை தட்டினார்கள். சக்ஸபோன் ஏன் மர ஊது வாத்தியம் என்று அன்று நான் சொன்ன விளக்கம், ஒரு காலத்தில் பின் வாங்கிலிருந்து வந்த அதே விளக்கம், கிட்டத்தட்ட அதே சொற்களில். யாரிடமிருந்து முதலில் கேட்டேன் என்பதைச் சொல்ல அப்போதும் வாய்ப்பிருந்தது. கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே எழுத்தில். பழைய கொப்பி இன்னும் யாரிடமாவது இருந்தால், அதில் சக்ஸபோனைப் பித்தளைக் கட்டத்திலிருந்து வெட்டி மர ஊது வாத்தியத்தில் போடுங்கள். அது ஓகெஸ்ட்ராவில் நிரந்தர உறுப்பினர் அல்ல, ரவேலின் 'பொலேரோ' போன்ற சில உருப்படிகளில் விருந்தாளியாக வரும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். சுருதி கொடுப்பது ஓபோ. திம்பனிக்குச் சுருதி உண்டு. வயோலாவைப் பற்றி நான் எழுதியதை முழுதாக அடித்துவிடுங்கள். இவை அச்சுப் பிழைகள் அல்ல, என் பிழைகள்.

அந்தப் பெடியன் இப்போது கிளிநொச்சி டவுனில் ஒரு போன் கடையில் நிற்கிறான். நான் ரீலோட் போடுவதற்கு அந்தக் கடையைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போகிறேன். ஒருமுறை வாசலில் நேருக்கு நேர் கண்டு, "ரீச்சர், சுகமா இருக்கிறியளோ?" என்று அவன் கேட்க, பஸ் வருகிறது என்று ஓடினேன், பஸ் வரவில்லை. சக்ஸபோன் விசயத்தில் அவனுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அது அவனுக்கு முதலே தெரியும். மாமாவைப் பற்றிக் கேட்ட கேள்விக்குத்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதை எழுதிக் கேட்டுவிட்டுத் தப்பவும் முடியாது. கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். நேரமில்லை என்ற சாட்டும் எனக்கு இல்லை.